பால்டர்ஸ் கேட்: எந்த வாசலால் நுழைவது?

உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் என் அக்காவின் மகன், சென்ற மாதம் வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு கேள்வியோடு வந்தான். கையில் சேர்ந்திருக்கும் பணத்தில் ஒரேயொரு கணினி விளையாட்டை வாங்க எண்ணியிருக்கிறான். நண்பர்கள் எல்லோரும் 2023இல் வெளிவந்த பால்டர்ஸ் கேட் 3 என்றே சொல்கிறார்கள். ஆனால் பெயரிலேயே மூன்று என்ற எண் இருப்பதால், முதல் இரண்டையும் ஆடாமல் அதற்குள் போவது தொடர்கதையை நடுவில் பிரித்து வாசிப்பது போல ஆகிவிடுமோ என்று தயங்குகிறான். "மாமா, நீங்கள் மூன்றையும் ஆடியிருக்கிறீர்கள்தானே, எதை முதலில் வாங்குவது?" என்று கேட்டான். அன்றைக்குத் தேநீர் ஆறும்வரை ஏதேதோ சொன்னேனே தவிர, ஒழுங்கான விடை சொல்லவில்லை. இது அந்த விடை.

ஒப்பிடப்படுபவை எவை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மூன்றும், நாமே ஒரு பாத்திரத்தை உருவாக்கி, தோழர் குழுவொன்றோடு கற்பனை உலகத்துக் கதையில் அலைந்து போரிடும் விளையாட்டுகள். முதலாவது பால்டர்ஸ் கேட், கனடாவின் எட்மன்டன் நகரத்து நிறுவனமான பயோவேரால் உருவாக்கப்பட்டு, 1998 டிசெம்பரில் இன்டர்பிளே நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அதன் தொடர்ச்சி 2000 செப்டெம்பரிலும், அந்தக் கதையை முடித்துவைக்கும் இணைப்பு 2001இலும் வந்தன. பிறகு அதே பெயரைத் தாங்கி உருவாகிக்கொண்டிருந்த ஒரு மூன்றாம் விளையாட்டு 2003இல் பாதியில் கைவிடப்பட்டது. இன்று எல்லோரும் பேசும் மூன்றாவது, பெல்ஜியத்தின் கென்ட் நகரிலுள்ள லாரியன் நிறுவனம் 2020 ஒக்டோபரில் முன்னோட்டப் பதிப்பாகவும், 2023 ஓகஸ்ட் 3ஆம் திகதி முழுமையாகவும் வெளியிட்டது. பழைய இரண்டையும் இன்று வாங்குபவர், பீம்டாக் நிறுவனம் 2012இலும் 2013இலும் கொண்டுவந்த மேம்படுத்திய பதிப்புகளையே வாங்குவார். மூன்றுக்கும் அடித்தளம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் மேசை விளையாட்டின் விதிகள்தான் என்றாலும், பழையவை அவ்விதிகளின் இரண்டாம் பதிப்பையும் புதியது ஐந்தாம் பதிப்பையும் பின்பற்றுகின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் இது சிறிய வேறுபாடு. நான் சொல்லப்போவதில் பாதி இதிலிருந்தே கிளைக்கிறது.

என் பக்கச்சார்பையும் மறைக்கக் கூடாது. முதலாவது விளையாட்டு என் கைக்கு வந்தது 2001இல், பம்பலப்பிட்டியில் ஒரு கடையிலிருந்து, ஒரு பொலித்தீன் பையில் ஐந்து சிடிகளாக. அவற்றில் ஒன்றில் கீறல் இருந்தது. விளையாட்டு அந்தச் சிடியைக் கேட்கும் போதெல்லாம் கணினி உறைந்துவிடும் என்பதால், இன்னொருவரிடமிருந்து நல்ல படி கிடைக்கும்வரை, ஏறத்தாழ இரண்டு மாதங்கள், விளையாட்டுக்குப் பெயர் கொடுத்த நகரத்துக்குள் காலடி வைக்க முடியாமல் பாலத்துக்கு இப்புறத்திலேயே திரிந்தேன். அது மின்வெட்டுக் காலம் வேறு. சண்டையின் நடுவில் மின்சாரம் போய்விடுமே என்ற பயத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்துவைக்கும் பழக்கம் அப்போது வந்தது, இன்றுவரை போகவில்லை. இப்படிப் பட்டுப் பட்டு ஆடிய ஒன்றின் மீது வரும் பற்று, அதன் தரத்தைப் பற்றிய சாட்சியம் ஆகாது என்பதை அறிவேன். லாரியனின் முன்னோட்டப் பதிப்பை 2020இல் பார்த்துவிட்டு, இது அவர்களுடைய டிவினிட்டி: ஒரிஜினல் சின் விளையாட்டுக்குப் பால்டர்ஸ் கேட் சட்டையை மாட்டிவிட்ட வேலை என்று பலரோடு சேர்ந்து நானும் சொன்னேன். அதில் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் 2023இல் முழுமையான வடிவத்தை ஆடியபின் அந்தத் தீர்ப்பை வைத்துக்கொள்ள முடியவில்லை.

மூன்றையும் வேறாக்குவது எது என்று யோசிக்கும்போது, பலரும் ஓவியத்தையோ சண்டை முறையையோ சுட்டிக்காட்டுவார்கள். எனக்கோ, பகடை எங்கே உருளுகிறது என்பதே முதன்மையாகப் படுகிறது. எங்கள் வீடுகளில் தாயம் ஆடியவர்களுக்குத் தெரியும், சோழிகளைக் கைக்குள் குலுக்கும் அந்த ஒரு கணத்தில்தான் விளையாட்டின் உயிர் இருக்கிறது. காய் நகர்வது அதற்குப் பிறகு வரும் கணக்கு. பழைய பால்டர்ஸ் கேட் இந்தக் கணத்தை மறைத்துவிட்டது. இருபது முகப் பகடை உள்ளே எங்கோ உருளும். அதன் விளைவு, திரையின் அடியில் ஓடும் எழுத்துப் பெட்டியில் ஒரு வரியாக வந்து, நாம் வாசிப்பதற்குள் மேலேறிப் போய்விடும். அந்த வரியை வாசித்தாலும் புரிந்துகொள்ள ஒரு தலைகீழ்க் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். தாக்கோ என்ற எண் குறையக் குறையத் தாக்குபவர் வல்லவர். கவச எண் குறையக் குறைய எதிரி பாதுகாப்பானவர். தாக்கோ 18 உள்ளவர், கவச எண் 4 உள்ள எதிரியை அடிக்க 18இலிருந்து 4ஐக் கழித்து 14 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டும்; எதிரியின் கவச எண் கழித்தல் 2 என்றால், 20 விழுந்தால்தான் அடி. நான் இதைப் புரிந்துகொள்வதற்குள் முதலாவது விளையாட்டில் பாதி முடிந்திருந்தது.

புதியதில் கழித்தலே இல்லை. உருட்டிய எண்ணோடு உங்கள் திறமையைக் கூட்டுங்கள், எதிரியின் எண்ணை எட்டினால் அடி. அதையும் நீங்கள் கூட்ட வேண்டியதில்லை, இத்தனை வீதம் வாய்ப்பு என்று எதிரியின் தலைக்கு மேல் எழுதிக் காட்டப்படுகிறது. பேச்சில் ஒருவரை இணங்கவைக்க முயலும்போது பகடை திரையின் நடுவுக்கே வந்து, ஓசையோடு உருண்டு நிற்கிறது. 1 விழுந்தால் எவ்வளவு பெரிய நாவன்மையும் தோற்கும், 20 விழுந்தால் எப்படிப்பட்ட ஊமையும் வெல்வார். இயல்பாக இயங்கும் ஓர் அமைப்பு, தொடர்ந்து கெட்ட எண்களே விழுவதைத் தடுக்கிறது. அதற்குக் கர்மப் பகடை என்று ஒரு பெல்ஜிய நிறுவனம் பெயர் வைத்திருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் நம் ஊர்க் கணக்கின்படி கர்மம் கெட்ட எண்களைத் தடுப்பதில்லை, அனுப்பிவைக்கிறது.

இதன் விளைவு வெறும் வசதியோடு நின்றுவிடவில்லை. பழைய விளையாட்டுகளில், உங்கள் கவர்ச்சியோ நற்பெயரோ போதாவிட்டால், ஓர் உரையாடலின் சிறந்த விடை உங்களுக்குக் காட்டப்படவே மாட்டாது. எதை இழந்தீர்கள் என்பதும் தெரியாது. அதனால் அவற்றில் தோல்வி என்றால் பெரும்பாலும் சண்டையில் தோல்வி, அதாவது மரணம், அதாவது பழைய சேமிப்புக்குத் திரும்புதல். புதியதில் தோல்விக்கென்றே காட்சிகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு காவலரிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் கதை நிற்பதில்லை, வேறு வழியில் போகிறது. சில சமயம் அந்த வழி வென்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிடச் சுவையாகவும் இருக்கிறது. ஆனால் முன்னரே சேமித்துவைத்திருந்தால், எஃப் 8 விசையை ஒருமுறை அழுத்திப் பகடை உருள்வதற்கு முன்பிருந்த கணத்துக்குத் திரும்பிவிடலாம் என்பதால், இந்தச் சிறப்பை அனுபவிக்கும் மனவுறுதி ஆடுபவருக்கு இருக்க வேண்டும். என் மருமகனுக்கு அது இருக்கிறதா என்பதில் எனக்கு ஐயம். ஒரேயொரு சேமிப்பை மட்டும் அனுமதிக்கும் கௌரவ முறையும் அதில் உண்டு. முதல் ஆட்டத்தில் அதைத் தெரிவுசெய்ய வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பழையதில் பகடை நம் கண்முன் உருளும் இடம் ஒன்றே ஒன்று: பாத்திரத்தை உருவாக்கும் திரை. வலிமை, அறிவு, கவர்ச்சி ஆகியவற்றுக்கான எண்கள் அங்கே உருட்டப்படும்; பிடிக்காவிட்டால் மீண்டும் உருட்டலாம். ஒரு ஞாயிறு மத்தியானம் முழுவதும் அந்த ஒரு பொத்தானையே அழுத்திக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அப்படி அழுத்தியதற்குக் காரணம் இருந்தது. அந்த எண்களையும் தொழிலையும் தெரிவுசெய்தபின் விளையாட்டு முடியும்வரை பெரும்பாலும் அவற்றோடுதான் வாழ வேண்டும். புதியதிலோ, முகாமுக்கு வந்து சேரும் விதர்ஸ் என்ற எலும்புருவான கிழவரிடம் 100 பொற்காசு கொடுத்தால், மந்திரவாதியாக இருந்தவர் மறுநாள் போர்வீரராக எழுந்திருக்கலாம். 200 கொடுத்தால் இறந்த தோழர் உயிரோடு வருவார். பழையதில் நாயகன் இறந்தால் விளையாட்டே முடிந்தது, குழுவில் மற்ற ஐவரும் உயிரோடு நின்றாலும். ஆகவே நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்: பழைய இரண்டும் நீங்கள் கட்டியதற்கு உங்களைப் பொறுப்பாளி ஆக்குகின்றன, மூன்றாவது நீங்கள் சொன்னதற்குப் பொறுப்பாளி ஆக்குகிறது. எதை வாங்குவது என்பதற்கான விடை, இந்த இரண்டில் எந்தப் பொறுப்பை ஒருவர் விரும்புகிறார் என்பதில் இருக்கிறது.

முதலாவது விளையாட்டின் கடுமையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எண் வரிசைப்படி ஆடப் புகுந்த பெரும்பாலானோர் கைவிடும் இடம் அது. வளர்ப்புத் தந்தை கொல்லப்பட்ட இரவுக்கு மறுநாள், நீங்கள் முதலாம் லெவலில் காட்டுப் பாதையில் நிற்கிறீர்கள். மந்திரவாதியாகத் தொடங்கியிருந்தால் உங்கள் உயிர்ப்புள்ளி 4, உடல்வலிமை நன்றாக இருந்தால் 6. நாள் ஒன்றுக்கு ஒன்றோ இரண்டோ மந்திரம். ஓர் ஓநாய் இரண்டு கடியில் கதையை முடித்துவிடும். அதற்குத் தப்பி, சந்திக்கச் சொன்ன சத்திரத்துக்குப் போனால், வாசற்படியிலேயே ஒரு கூலிக்கொலைகாரன் உங்கள் பெயரை விசாரித்துவிட்டு, தன்னைப் போல் பல பிம்பங்களை உண்டாக்கிக்கொண்டு, உங்கள் குழுவையே பயத்தில் சிதறி ஓடவைக்கிறான். இந்தக் கொலைகாரனிடம் தோற்காதவர் என் தலைமுறையில் இல்லை.

ஆனால் இதே விளையாட்டில்தான், மற்ற இரண்டிலும் நான் காணாத ஒரு நேர்த்தியும் இருக்கிறது. கதைப்படி அந்த வட்டாரத்து இரும்பு கெட்டுப்போயிருக்கிறது. ஊரார் எல்லோரும் அதைப் பற்றிப் புலம்புகிறார்கள். நீங்கள் அதைக் கதை என்று கேட்டுவிட்டுப் போகிறீர்கள்; அடுத்த சண்டையில் உங்கள் கையிலுள்ள வாளே உடைந்துபோகிறது. நாஷ்கெல் சுரங்கத்தின் அடித்தளத்துக்கு இறங்கி, தாதுவை நொறுங்கவைக்கும் திரவத்தை ஊற்றுபவர் யாரென்று கண்டுபிடிக்கும் வேலை அப்போது வேறொருவருடைய வேலையாக இருப்பதில்லை. மூன்றாவதில் உங்கள் மூளைக்குள் ஓர் ஒட்டுண்ணிப் புழு இருக்கிறது, எந்நேரமும் நீங்கள் அரக்க உருவெடுக்கலாம் என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள்; ஆனாலும் முகாமில் இரவுக்கு இரவு நிம்மதியாக உறங்கலாம், புழு காத்துக்கொண்டிருக்கும். பகலும் இரவும் மாறி வருவதுகூட அதில் இல்லை. அவசரத்தைச் சொல்வதில் புதியது வல்லது. உணரவைப்பதில் பழைய முதலாவது முந்துகிறது.

சண்டை முறையைப் பொறுத்தவரை பழையதை விரும்புவோரும் புதியதை விரும்புவோரும் பேசித் தீர்த்துவிட்டார்கள். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். பழையவற்றில் ஆறு பேர் கொண்ட குழு, ஓடும் நேரத்தில் போரிடும், வேண்டியபோது இடைவெளி விசையை அழுத்தி நிறுத்திக் கட்டளையிடலாம். புதியதில் நான்கு பேர், சதுரங்கம் போல ஒருவர் முறை முடிந்து மற்றவர் முறை. சிறு சண்டைகளில் பழைய முறை சிறந்தது, ஏனென்றால் எட்டுக் குட்டிப் பிசாசுகளை அது அரை நிமிடத்தில் முடித்துவிடும்; மூன்றாவதில் அதே எண்ணிக்கையான கொப்ளின்கள் என்ற குள்ள அரக்கர்கள் தங்கள் முறைக்கு ஒவ்வொருவராக நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் மூன்றாவதில் சிறு சண்டைகள் குறைவு, ஒவ்வொன்றும் ஒரு மேடை போல அமைக்கப்பட்டது: உயரத்தில் நின்று அம்பெய்யலாம், விளிம்பில் நிற்பவரைத் தள்ளிவிடலாம், எண்ணெயைக் கொட்டிக் கொளுத்தலாம், கையில் எதுவும் இல்லாவிட்டால் செருப்பை எறியலாம்.

இரண்டாவது விளையாட்டின் மந்திரவாதிப் போர்கள் மட்டும் தனித்துவமானவை. எதிரி மந்திரவாதி ஒருவர் தன்னைச் சுற்றி ஆறேழு காப்புகளை வெங்காயத் தோல் போல அடுக்கிவைத்திருப்பார்; எந்தத் தோலை எந்த மந்திரத்தால் எந்த வரிசையில் உரிப்பது என்று தெரியாவிட்டால், உங்கள் குழுவின் சிறந்த வாள் அவர் மேல் பட்டுப் பட்டுத் திரும்பும். ஐந்தாம் பதிப்பு விதிகள் இதை ஏறத்தாழ ஒழித்துவிட்டன. மனத்தை ஒருமுகப்படுத்தித் தாங்க வேண்டிய மந்திரங்களில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே தாங்கலாம் என்பதால், காப்புகளை அடுக்கும் கலைக்கு மூன்றாவதில் இடமில்லை. புதியவருக்கு இது நன்மை. எனக்கு இழப்பு. வளர்ச்சியின் அளவும் அப்படியே: பழைய இரண்டையும் இணைப்போடு சேர்த்து ஆடினால், ஓநாய்க்கு அஞ்சிய அதே பாத்திரம், சேமிப்புக் கோப்பிலிருந்து அடுத்த விளையாட்டுக்குக் கடத்தப்பட்டு, 8,000,000 அனுபவப் புள்ளிகள் வரை ஏறித் தெய்வங்களின் வாசலில் நிற்கும். மூன்றாவது பன்னிரண்டாம் லெவலோடு நின்றுவிடுகிறது.

தோழர்கள் விடயத்தில் மூன்றாவதுக்கு முன் பழையவை நிற்க முடியாது. பழையவற்றில் ஒரு தோழரின் குரல் சில வரிகளுக்கு மட்டும் ஒலிக்கும், மீதியை வாசிக்க வேண்டும். குழுவின் பொதுவான நற்பெயர் மிக உயர்ந்தால் தீயவர்கள் முறைத்துக்கொண்டு போய்விடுவார்கள், மிகத் தாழ்ந்தால் நல்லவர்கள். மூன்றாவதில் ஒவ்வொருவரும் தனித்தனியாக உங்களை எடைபோடுகிறார்கள், ஒவ்வொரு உரையாடலும் நடிகர்களால் முகத்தோடும் குரலோடும் நடிக்கப்பட்டிருக்கிறது; அஸ்டேரியன் என்ற இரத்தக்காட்டேரியாக நடித்த நீல் நியூபன் 2023இல் த கேம் அவோர்ட்ஸ் விழாவில் சிறந்த நடிப்புக்கான விருதைப் பெற்றது மிகையன்று. அதே விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டாகவும் அது தெரிவானது. குறை ஒன்றுண்டு: அந்தத் தோழர்களில் பெரும்பாலோர், நீங்கள் ஆணோ பெண்ணோ, நல்லவரோ கெட்டவரோ, கொஞ்சம் பரிவாகப் பேசிவிட்டால் காதல் கொண்டுவிடுகிறார்கள். இரண்டாவதின் மூலப் பதிப்பில் காதலிக்கக் கிடைத்தவர்கள் நால்வர்தான், அவர்களில் மூவர் ஆண் நாயகனுக்கு, ஒருவர் பெண் நாயகிக்கு. அதற்கும் பொறுமையாகப் பல நாட்கள் பேச வேண்டும். மூன்றாவது வயதுவந்தோருக்கான விளையாட்டு என்பதையும் சொல்லிவைக்கிறேன். நிர்வாணத்தை மறைக்கும் தெரிவு அமைப்புகளில் உண்டு. அம்மம்மா மாலையில் தொலைக்காட்சி பார்க்கும் முன்னறையில் கணினியை வைத்திருப்பவர்கள் தொடங்குமுன் அதைத் தேடிப் பிடிப்பது நலம்.

எதிரியைப் பொறுத்தவரை என் வாக்கு இரண்டாவதற்கு. அது ஐரனிக்கஸ் என்ற ஒருவருடைய சிறைக்கூடத்தில் உங்களைக் கண்விழிக்கவைத்துத் தொடங்குகிறது. டேவிட் வோர்னரின் குளிர்ந்த குரல் அவருக்கு. அங்கிருந்து தப்பி அத்காட்லா நகரத்துத் தெருவுக்கு வந்தபின், பறிகொடுத்த தோழியை மீட்க 20,000 பொற்காசு திரட்டு என்று உங்களிடம் சொல்லப்படுகிறது. அவ்வளவுதான், நகரத்தின் எல்லாக் கதவுகளும் திறந்துகொள்கின்றன. பணம் தேவை என்ற ஒரே காரணத்துக்காக ஊரெல்லாம் அலைந்து, அடுத்தவர் வீட்டுச் சிக்கல்களையெல்லாம் தலையில் போட்டுக்கொள்வதைவிட இயல்பான காரணம் வேறேது? மூன்றாவதில் எதிரிகள் மூவர், நடிப்பும் தரமானது, ஆனால் பகை மூன்றாகப் பங்கிடப்பட்டதால் ஒருவர் மீதும் முழுதாக ஊன்றவில்லை. அதன் மூன்றாம் பகுதி, நகரத்துக்குள் நுழைந்தபின், அளவுக்கு மீறி நெரிசலானது. புறக்கோட்டையில் பண்டிகைக்கு முந்தின நாள் கடைக்குப் போனது போல, எதற்கு வந்தோம் என்பது மறந்துவிடுகிறது. விந்தை என்னவென்றால், நான் மூன்றிலும் உயர்ந்ததாகக் கருதும் இரண்டாவது விளையாட்டில், பால்டர்ஸ் கேட் என்ற நகரமே வருவதில்லை.

மொழியையும் கணக்கில் எடுக்க வேண்டும். மூன்றில் எதுவும் தமிழில் இல்லை. என் மருமகன் தமிழ்மொழி மூலம் படித்தவன். ஆங்கிலப் படங்களை எழுத்துவரியோடு பார்த்துப் புரிந்துகொள்வான், ஆனால் இரண்டாவது விளையாட்டின் பழங்கால நடை ஆங்கிலத்தைப் பக்கம் பக்கமாக வாசிக்க வேண்டி வந்தால் சலிப்பான். மூன்றாவதில் முகமும் குரலும் பாதிப் பொருளைச் சொல்லிவிடுகின்றன. மறுபக்கம், வாசிப்பு நம் வேகத்துக்குக் காத்திருக்கும். தெரியாத சொற்களை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிவைத்து, அகராதியைப் புரட்டி நான் கற்ற ஆங்கிலத்தில் ஒரு பங்கு இந்தப் பழைய விளையாட்டுகளுக்கு உரியது.

இனிக் கொழும்புக் கணக்கு. மூன்றாவதின் அறிவித்த விலை 59.99 டொலர், பழையவை ஒவ்வொன்றும் 19.99. டொலரை 300 ரூபாயாக எடுத்துக்கொண்டால் மூன்றாவது ஏறத்தாழ 18,000 ரூபாய், பழைய இரண்டும் சேர்த்து 12,000. டொலர் 200 ரூபாயாக இருந்த காலத்தில் மூன்றாவதையே 12,000க்கு வாங்கியிருக்கலாம் என்பதை நினைத்துப் பெருமூச்சு விடுவதில் பயனில்லை. கழிவு விற்பனைகளின்போது பழையவை மிகவும் இறங்கிவிடும், புதியது அவ்வளவு இறங்குவதில்லை. ஆகவே பழையவற்றை முழு விலைக்கு வாங்குவது வீண். கணினியைப் பொறுத்தவரை மூன்றாவது குறைந்தபட்சம் 8 ஜிகாபைட் நினைவகமும், 4 ஜிகாபைட் கொண்ட கிராபிக்ஸ் அட்டையும், எஸ்எஸ்டி வட்டில் 150 ஜிகாபைட் இடமும் கேட்கிறது. அந்த 150 ஜிகாபைட்டை இறக்குவதற்கு, மாத ஒதுக்கீடு உள்ள வீட்டு இணைய இணைப்பில், நள்ளிரவுக்குப் பின்வரும் ஒதுக்கீட்டைப் பல இரவுகளுக்குப் பங்கிட வேண்டியிருக்கும். பழையவையோ எந்தக் கணினியிலும் ஓடும், டெப்லட்டிலும் ஓடும். 2022இன் நீண்ட மின்வெட்டு இரவுகளில் நான் இரண்டாவதை மீண்டும் முடித்தது ஒரு டெப்லட்டில்தான், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், அதன் மின்கலம் தீரும்வரை.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், பழையவையே மலிவு, இலகு, இரண்டாவது கதையில் உயர்வு என்று வரிசைப்படி ஆடச் சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் மூன்றாவதையே முதலில் வாங்கச் சொன்னேன். பின்னோக்கி ஆடுவதில் ஒரு பெரிய ஆபத்து இருப்பதை அறிவேன்: மூன்றாவதின் சொகுசுக்குப் பழகிய கை, பழையவற்றின் சிறிய பொத்தான்களையும் தலைகீழ்க் கணக்கையும் பொறுக்காமல் போகலாம். ஆனால் வரிசைப்படி ஆடுபவர் ஓநாயிடமும் சத்திரத்து வாசலிலும் கைவிட்டு, மூன்றையும் இழந்துவிடும் ஆபத்து அதைவிடப் பெரிது. மூன்றாவதில் கண்முன் உருளும் பகடையைக் கண்டு பழகியவர், பழையதில் மறைவாக உருளும் அதே பகடையை மனத்தால் கேட்பார். கதைத் தொடர்ச்சி பற்றிய பயம் தேவையற்றது. மூன்றாவது நிகழ்வது பழைய கதைக்கு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்துக்குப் பின்னர், வேறு ஆட்களோடு.

அதில் பழைய ஆட்கள் சிலர் திரும்பி வருகிறார்கள் என்பதே என்னைப் பின்னோக்கிய வரிசையின் பக்கம் சாய்த்தது. ஜஹீரா, பாதி மனிதரும் பாதி எல்ஃப் என்ற நெடுங்காலம் வாழும் கற்பனை இனத்தவருமான பெண், மூன்றாவதில் வயது முதிர்ந்தவராக, வளர்ப்புப் பிள்ளைகள் நிறைந்த வீட்டின் தலைவியாக, எவருக்கும் அஞ்சாத நாக்கோடு வருகிறார். இரண்டாவதில் அவர் கணவனை அப்போதுதான் இழந்தவர்; அந்த உடலை ஐரனிக்கஸின் சிறைக்கூடத்தில் நாமே கண்டெடுக்கிறோம். இருபத்தைந்து ஆண்டுப் பழைய இரகசியம் என்பதால் சொல்லிவிட்டேன். முதலாவதில் அதே கணவனும் மனைவியுமாக, சத்திரத்தின் உள்ளே நமக்காகக் காத்திருக்கிறார்கள். கணவர் திக்கித் திக்கிப் பேச, மனைவி அவருக்கும் சேர்த்துப் பேசுகிறார். நம் வீடுகளில் அம்மம்மாக்களை நாம் இந்த வரிசையில்தான் அறிகிறோம். நரைத்த தலையும் கண்டிப்பும் முதலில். பிறகு யாரோ சொல்லித் தெரியவரும் துயரம். கடைசியில், ஏதோ ஒரு மழைநாளில் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது கையில் கிடைக்கும் கலியாணப் படம். மாறாக, பழையவற்றை ஆடிவிட்டு மூன்றாவதுக்கு வந்த எனக்கு, பழையவற்றின் தோழியான விக்கோனியாவும் முதலாவதின் எதிரியான சரவோக்கும் அதில் கையாளப்பட்ட விதம் இன்றும் உறுத்துகிறது; அவர்களை முன்பின் அறியாமல் வருபவருக்கு அந்த உறுத்தல் இருக்காது.

கணினியில் 4 ஜிகாபைட் கிராபிக்ஸ் அட்டைகூட இல்லாதவருக்கும், கதை கேட்பதைவிடக் கணக்குப் போட்டு வெல்வதில் நாட்டம் உள்ளவருக்கும் என் விடை மாறும். அவர்கள் முதலாவதை வாங்கி, கதை முறை என்ற இலகுவான தெரிவில் நாஷ்கெல் சுரங்கத்தின் அடிவரை போய்ப் பார்க்கட்டும்; அந்த முறையில் குழுவினர் இறப்பதில்லை. அவர்கள் இரண்டாவதிலிருந்து தொடங்கக் கூடாது, ஏனென்றால் அது 89,000 அனுபவப் புள்ளிகளுக்குரிய மந்திரங்கள் அத்தனையையும் முதல் நிமிடத்திலேயே கையில் திணித்துவிடும்.

மருமகனின் மடிக்கணினி குறைந்தபட்ச அளவைத் தொட்டு நிற்கிறது. அமைப்புகளைத் தாழ்த்திவைத்தால் முதல் இரண்டு பகுதிகளும் ஓடும், நகரத்துக்குள் நுழைந்ததும் திணறும். அதற்குள் பல்கலைக்கழகம் கிடைத்தால் புதுக் கணினி என்று அத்தான் வாக்களித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் அமர்ந்து வட்டில் இடம் தேடினோம். 60 ஜிகாபைட்தான் மீதி இருந்தது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிப் படங்களும், இரண்டு வருட இரசாயனவியல் வகுப்புக் காணொளிகளும் என் வெளி வன்வட்டுக்கு இடம்பெயர்ந்தன. பெறுபேறு வரும்வரை அந்தக் காணொளிகளை அழித்துவிட வேண்டாம் என்று அக்கா எனக்குத் தனியாகச் சொல்லியிருக்கிறார்.